அளவுக்காரரின் பால்புட்டி

அந்த டீசல் காருக்குத் தெருவில் பூனை என்று பெயர். வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்த பிறகுதான் வண்டி வந்ததே தெரியும். இருபத்தாறு வயதான டீசல் வண்டி எப்படிச் சத்தம் போடும் என்று அறிந்தவர்களுக்கு இது லேசுப்பட்ட சங்கதி இல்லை. அதன் வயதுக்கார வண்டிகள் தெருமுனையில் திரும்பும்போதே கடைசி வீட்டுக் குழந்தை வீறிட்டு எழுந்துகொள்ளும். பூனை மட்டும் பஞ்சில் கால் வைத்ததுபோல வரும், போகும்.

இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. வண்டிக்காரர் ஒவ்வொரு முறை பங்க்கில் டீசல் போடுவதற்கு முன்னும் டிக்கியைத் திறப்பார். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பழைய துண்டில் சுற்றிய பால்புட்டி ஒன்று இருக்கும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது குடித்த புட்டி. பழைய ஸ்கூட்டர்களுக்குப் பெட்ரோலில் கலக்கிற டூ ஸ்ட்ரோக் ஆயிலை அதில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கோடு பார்த்து, நாற்பது லிட்டர் டீசலுக்கு இருநூறு மில்லி என்று டாங்க்கில் விடுவார். அதற்குப் பிறகுதான் பங்க்காரர் குழாயைச் செருகலாம். பின்னால் நிற்கிற லாரிக்காரர் என்ன கத்தினாலும் கோட்டுக்கு மேலேயோ கீழேயோ ஒரு சொட்டுப் போகாது. "என்ன, பூனைக்குப் பால் வச்சாச்சா?" என்று பங்க்கில் கேலி செய்வார்கள். அவர் சிரிக்க மாட்டார். அளவுக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்ததும் அந்தப் பங்க்தான்.

கேட்டால் காரணம் சொல்வார். இப்போது வருகிற டீசலில் பழைய வழுவழுப்பு இல்லை. பழைய காரின் பம்ப் அந்த வழுவழுப்பை நம்பித்தான் ஓடுகிறது. எண்ணெய் கலக்காவிட்டால் பம்ப் உள்ளுக்குள்ளேயே உராய்ந்து தேயும், சத்தமும் போடும். புது வண்டியில் ஊற்றினால் புகைக்குழாய் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், பழசு தாங்கும். எல்லாம் நியாயமான பேச்சு. நியாயமான காரணம் ஒன்று கையில் இருந்துவிட்டால் இன்னொரு காரணத்தை யார் தேடப் போகிறார்கள்?

வண்டியில் இன்னொரு விசேஷம், பின்பக்க இடது கதவு திறக்காது. பூட்டு கெட்டுப் போச்சு என்பார். அரைமணி நேர வேலை, கொண்டு வாங்க என்று டிங்கர் கடைக்காரர் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சவாரிக்கு ஏறுகிறவர்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய் வலது கதவில்தான் ஏற வேண்டும்.

ஆனால் நாம் பார்க்க வந்தது அளவுக்காரரை அல்ல, அவர் மனைவியை. ஊரில் அவளைப் பூனைக்காரம்மா என்பார்கள். அவர் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்றால், அவள் விரலை நீட்டுமுன்பே கடிக்கிற ரகம். பேச ஆள் இல்லையென்றால் அடுப்போடு பேசுவாள். நாற்பது வயதில், கணவருக்கு முதுகுவலி வந்து நாள் முழுக்க ஓட்ட முடியாமல் போனபோது, கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் பாடத்தில் அவர் அவளை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைக்கவில்லை. டிக்கியைத் திறந்து பால்புட்டியைக் கையில் கொடுத்தார்.

"கிளட்ச், கியர் எல்லாம் அப்புறம். எண்ணெய் இல்லாத டீசல்ல இந்த வண்டி ஒரு நாள்கூட ஓடக் கூடாது. நான் செத்தாலும் சரி."

"நல்ல நாள்ல நல்ல வார்த்தை சொல்றீங்க" என்று அவள் சிரித்தாள்.

பதினோரு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முகத்தில் கண்ணாடியும் மடியில் பேப்பருமாக நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்து அவள் டீயை இரண்டு தடவை சுட வைத்தாள். வீட்டில் அவர் இருந்தபோதும் சத்தமில்லை, போன பிறகும் சத்தமில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்பதுதான் அவளுக்கு அழுகையாக வந்தது. மகள் தூர தேசத்திலிருந்து வந்து, பத்து நாள் இருந்து, "என்கூட வந்துடும்மா" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பூனைக்காரம்மாவுக்குச் சவாரிகள் இருந்தன. காலையில் இரண்டு நர்ஸ்கள், பத்து மணிக்கு ஒரு பேங்க் அம்மா, மதியம் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கப் போகிற ஒரு பெரியவர், சாயங்காலம் மறுபடியும் நர்ஸ்கள். கையை ஊன்றிக் கரணம் போட்டாவது சொந்தக் காலில் நிற்பேன் என்கிற பெண்பிள்ளை.

மறுபடி வண்டி எடுத்த வாரத்தில் எண்ணெய் டப்பா காலியாக இருந்தது. நாளைக்கு வாங்கலாம் என்று டீசல் மட்டும் போட்டாள். நாளை நாளை என்று இரண்டாவது முறையும் போட்டாள். முதல் தடவை வித்தியாசம் தெரியவில்லை, டாங்க்கின் அடியில் பழைய கலப்பு மிச்சம் இருந்திருக்கும். இரண்டாவது தடவை பூனை லேசாக உறுமத் தொடங்கியது. மூன்றாவது முறை போட்ட மறுநாள், ரயில்வே கேட் மூடியிருக்க வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, என்ஜினின் கடகடப்புக்கு நடுவே தனியாக ஒன்று கேட்டது.

டக் டக். ஒரு மூச்சு விடுகிற நேரம். டக்.

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். மறுபடி வந்தது. டக் டக். டக்.

அளவுக்காரர் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மாமனார் ஒரு சந்தேகப் பிராணி. யார் வந்து கூப்பிட்டாலும் கதவைத் திறக்க மாட்டார். பிள்ளைகள் இருவரும் வெளியே போய்விட்டு வந்தால் இரண்டு தட்டு தட்டி, மூச்சு விட்டு, இன்னொரு தட்டு தட்ட வேண்டும். நான்தான் என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் பதிலுக்கு ஒரே ஒரு தட்டு தட்டுவார். கேட்டுச்சு, திறக்கிறேன் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள் நகரும். மாமனார் போய், அண்ணனும் தம்பியும் தனித்தனி வீடு போன பிறகும் இருவரும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கல்யாணமான புதிதில் அவள் சமையலறையில் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிப்போய் அந்த ஒரு தட்டைத் தட்டுவாள். பிறகு எப்போதோ அது நின்றுபோனது. அவர் ஒரு நாள் காலிங்பெல் வாங்கி வந்து மாட்டினார். பெல் அடிக்க ஆரம்பித்தார். ஏன் என்று அவள் கேட்டதாக ஞாபகம் இல்லை.

ரயில் போய்க் கேட் திறந்தது. பின்னால் வண்டிகள் கத்தின. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியர் போட்டாள். வந்துட்டீங்களா என்று வாய்விட்டுக் கேட்டாள். இருபது வருடத்துக்கு மேல் கேட்காத தட்டு அது. புதுமாப்பிள்ளையாகத் திரும்பி வந்திருக்கிறார் மனுஷன் என்று நினைத்தபோது வெட்கம்கூட வந்தது.

எண்ணெய் ஊற்றினால் தட்டு அமுங்கிவிடுமே என்று அன்றே அதை வாங்குவதை அவள் வேண்டுமென்றே நிறுத்தினாள்.

அதன் பிறகு வண்டிக்குள் தனியாக இருக்கும்போதெல்லாம் பேசினாள். மகள் போன் பண்ணியது, பேங்க் அம்மாவின் மாமியார் சண்டை, பக்கத்து வீட்டுக் குழாய் உடைந்தது, எல்லாம். ஒருநாள் பழைய ஞாபகத்தில் டாஷ்போர்டில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள். கேட்டுச்சு, திறக்கிறேன்.

தட்டு ஒரு நிமிடம் நின்றது. பிறகு வேகமாக வந்தது. டக் டக் டக், டக் டக் டக். மூச்சு விடும் இடைவெளிகூட இல்லாமல், விடாமல், அவள் என்ஜினை அணைக்கிற வரைக்கும். பதில் கிடைத்த சந்தோஷம் போலிருக்கிறது என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

சவாரிக்காரர்களுக்கும் கேட்டது. "அக்கா, டிக்கில ஏதாச்சும் உருளுதா?" என்று கேட்டாள் இளைய நர்ஸ்.

"என்ஜின் சத்தம்மா. பழைய வண்டி."

"என்ஜின் முன்னாடிதானே இருக்கு? சத்தம் இந்தப் பக்கத்துலேர்ந்து வருது." அவள் காட்டியது இடது கதவை. மறுநாளிலிருந்து இரண்டு நர்ஸ்களும் வலது பக்கமாகவே ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெரியவர் மட்டும் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார். ஆனால் அவரும் ஒருநாள் தூக்கத்தில், "யாருப்பா அது, திறந்துதான் விடேன்" என்றார்.

பம்ப் மெக்கானிக்கின் கடை ஆஸ்பத்திரிக்குப் பின்னால். என்ஜினில் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதில் அழுத்தி நோய் சொல்கிறவர். பூனையைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே பானெட்டைத் திறந்தார்.

"எண்ணெய் ஊத்தறதில்லையா?"

"ஊத்தறேனே" என்று கூசாமல் புளுகினாள் பூனைக்காரம்மா.

"என்கிட்ட சொல்லலாம்மா. பம்ப்கிட்ட சொல்ல முடியாது. அது காஞ்சு கிடக்கு." டீசலைப் பீய்ச்சுகிற மூன்றாவது நாசில் ஒழுகுகிறது, அதுதான் தட்டுகிறது என்று கழற்றிப் புதிது மாட்டினார். ஸ்டார்ட் செய்தார். டக் டக். டக். ஸ்குரூடிரைவரை என்ஜினில் வைத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். டயருக்கு மேல் வைத்துக் கேட்டார். இரண்டு கதவுக்கும் நடுவில் உள்ள தூணில் வைத்துக் கேட்டார். கடைசியில் இடது பின் கதவில் வைத்தார். வைத்த வேகத்தில் சூடு பட்டவர்போல் எடுத்துவிட்டார்.

"எண்ணெய் ஊத்துங்கம்மா" என்றார் மறுபடி. இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது.

"பம்புக்காகவா?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "முதல் முதல்ல அவர் என்கிட்ட வந்தப்ப நான் பம்பைப் பத்திப் பத்து நிமிஷம் பேசினேன். டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்தா பம்ப் தேயாது, சத்தமும் கொஞ்சம் அமுங்கும்னு. அவர் பம்பைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல. எவ்வளவு ஊத்தினா ஒண்ணுமே கேக்காதுன்னு மட்டும்தான் கேட்டார்."

"அவருக்குச் சத்தம்னாலே ஆகாது" என்றாள் அவள்.

"இருக்கலாம். இப்படியே ஓட்டினா இன்னும் ரெண்டு டாங்க் தாங்கும். பம்ப் இறுகிடுச்சுன்னா இதுக்கு இனிமே பம்ப் கிடைக்காது. வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான்."

வண்டி நின்றால் சோறு நிற்கும். எண்ணெய் ஊற்றினால் அவர் தட்டுவது நிற்கும். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவள் இதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் கிணறாகவே இருந்தது. கடைசியில் ரெண்டு டாங்க் இருக்குல்ல, பார்த்துக்கலாம் என்று முடிவு செய்தாள். இன்றைக்குச் செய்ய வேண்டியதை நாளைக்குத் தள்ளுகிறவள் அல்ல அவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படி ஆகிவிட்டாள்.

அந்த இரண்டில் ஒன்று தீர்ந்துபோன வாரத்தில்தான் ஓரகத்திக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது.

ஓரகத்தி என்றால் அளவுக்காரருடைய அண்ணன் மனைவி. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனால் இருபத்திரண்டு வருடமாக அவள் இந்தக் காரில் ஏறியதில்லை. ஏறாததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். அப்போது கார் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அடைமழையில் ஒரு நாள் இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தார்கள். தம்பி ஓட்டினார், அண்ணன் பின்னால் படுத்திருந்தார். கரை சறுக்கி வண்டி வாய்க்காலில் இறங்கியது. தம்பி ஜன்னல் வழியாக வெளியே வந்தார். அண்ணனுக்குத் தலையில் அடி, அந்த நிமிடமே உயிர் போய்விட்டதாம். தூக்கத்திலேயே போயிட்டார் அண்ணி, வலியே தெரிஞ்சிருக்காது என்று தம்பி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருடம் ராத்திரியில் கண் மூடினாள். என்ஜினைப் பிரித்துச் சேறு கழுவி மாட்டி, பிழைப்புக்காக அதே வண்டியைத் தம்பி ஓட்டினார். வித்துத் தொலைங்களேன் என்று சொந்தம் எல்லாம் சொல்லியும் அவர் விற்கவில்லை.

கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் பஸ் வரவில்லை. பூனைக்காரம்மா போய் வாசலில் நின்றாள். "கண்ணை மூடிக்கிட்டு உட்காருங்க அக்கா. பத்து நிமிஷம்."

"ஒரு கண்ணைத்தான் அவங்களே மூடிட்டாங்களே" என்று சொல்லிக்கொண்டு ஓரகத்தி ஏறினாள். வலது பக்கம் வெயில் அடித்தது. கட்டுப் போட்ட கண்ணில் படாமல் இருக்க நகர்ந்து இடது ஓரத்தில், திறக்காத கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சிக்னலில் வண்டி நின்றது. டக் டக். டக்.

கண்ணாடியில் பூனைக்காரம்மா பார்த்தாள். ஓரகத்தியின் முகம் சுவர்போல் இருந்தது.

"யாருடி தட்டறது?"

எத்தனை நாள்தான் ஒருத்தி மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்வாள்? "சொன்னா சிரிக்கக் கூடாது அக்கா. அவர்தான். எங்க வீட்டுக்காரர். நாலு மாசமா என்கூடத்தான் இருக்கார்."

ஓரகத்தி சிரிக்கவில்லை. உள்ளங்கையை விரித்துக் கதவின் மேல் வைத்தாள். நாடி பார்ப்பதுபோல் அப்படியே இருந்தாள். சிக்னல் மாறியது. பின்னால் ஹாரன் கேட்டது. இரண்டு பேரும் அசையவில்லை.

"உன் வீட்டுக்காரர் எப்படித் தட்டுவார், ஞாபகம் இருக்கா? மூணும் ஒரே அளவா விழும். அளவுக்காரராச்சே. இதைக் கேளு. ரெண்டாவது தட்டு மட்டும் லேசா விழுது. இடது கைக்காரங்க தட்டு இது." அவள் கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. "இது உன்னுடையவர் இல்லடி. என்னுடையவர்."

பூனைக்காரம்மா வண்டியை ஓரம் கட்டினாள். என்ஜினை அணைக்கச் சாவிக்குப் போன கையை ஓரகத்தி பின்னாலிருந்து பிடித்தாள். "அணைக்காதே. தூக்கத்திலேயே போயிட்டார்னு சொன்னாரே. தூங்குறவர் ஏன் தட்டறார்?"

அந்த நிமிடத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. திடீரென்று மாட்டிய காலிங்பெல். அதற்குப் பிறகு ஒருநாளும் எந்தக் கதவையும் தட்டாத கை. எவ்வளவு ஊத்தினா ஒண்ணுமே கேக்காது. விற்காத வண்டி, விற்றால் வேறு யாராவது கேட்டுவிடுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள் என்று சொல்வோம். அந்த மனுஷர் ஒரு பிணத்தின் தட்டை இருநூறு மில்லி எண்ணெயில் மறைத்திருக்கிறார், இருபத்திரண்டு வருடம், கோடு பார்த்து. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

இதெல்லாம் புரிந்தபோது பூனைக்காரம்மாவுக்கு முதலில் வந்த வருத்தம் வாய்க்காலில் கிடந்தவருக்காக அல்ல. அதைப் பிறகு நினைத்து நினைத்து அவள் கூசிப்போனாள். முதலில் வந்தது இதுதான்: அப்படியானால் அவர் வரவேயில்லையா? நாலு மாதம் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்?

அதற்குப் பின்தான் தான் டாஷ்போர்டில் தட்டிய அந்த ஒரு தட்டு ஞாபகம் வந்தது. கேட்டுச்சு, திறக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திறக்காமல் போனவள் அவளும்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழுகையை அப்புறம் வச்சுக்கோ" என்றாள் ஓரகத்தி. "வண்டியை எடு. கதவு திறக்கிறவன்கிட்ட போ."

டிங்கர் கடையில் வெயில் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. என்ஜின் ஓட ஓட வேலை செய்ய வேண்டும் என்றபோது கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார். ஆனால் பல வருடமாகக் கேட்டு ஏங்கிய வேலை, விடுவாரா? உள்பக்கத்து அட்டையைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பூட்டு கெடவே இல்லம்மா. யாரோ கட்டுக் கம்பியால முறுக்கிக் கட்டி வச்சிருக்காங்க. ரொம்ப நேர்த்தியா, ஒரே அளவுல, ஏழு சுத்து." குறடால் ஒவ்வொரு சுற்றாக வெட்டினார். பிறகு கையை வெளியே எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஈரச் சேறு. "நனைஞ்ச வண்டியா இது?"

மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஓரகத்தி வெளிப்பக்கமாக வந்து கதவுக்கு முன்னால் நின்றாள். உள்ளே தட்டிக்கொண்டே இருந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். விரலை மடக்கி, கதவில், ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

உள்ளே நின்றது.

"கேட்டுச்சுங்க. திறக்கிறேன்" என்று சொல்லிக் கைப்பிடியை இழுத்தாள். கதவு ஒரு முனகலோடு திறந்தது. ஒரு செம்பு அளவு தண்ணீர், கலங்கிய தண்ணீர், படியில் வழிந்து அவள் காலை நனைத்துத் தரையில் இறங்கியது. வாய்க்கால் பாசி வாசம் கடை முழுக்க எழுந்தது. டிங்கர் கடைக்காரர் குறடைக் கீழே போட்டுவிட்டு இரண்டு எட்டு பின்னால் போனார். தண்ணீர் சூடான சிமெண்டில் கொஞ்ச தூரம் போய், காய்ந்தது. பூனை கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லாப் பழைய டீசல் வண்டிகளையும்போல, ஒரே சீராக.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஓரகத்தி அதே இடத்தில்தான் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

"உன் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. அது எனக்குத் தெரியும். அண்ணன் உள்ள தட்டறது கேட்டுச்சு, இறங்க முடியல, பயந்துட்டேன் அண்ணின்னு சொல்லியிருந்தா நான் ரெண்டு நாள் திட்டியிருப்பேன். மூணாவது நாள் சோறு போட்டிருப்பேன். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரல பாரு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இனிமே எண்ணெய் ஊத்து. பம்பாவது பிழைக்கட்டும்."

அன்று சாயங்காலம் பூனைக்காரம்மா புது டப்பா வாங்கினாள். பால்புட்டியைக் கழுவித் துடைத்து, கோடு பார்த்து, இருநூறு மில்லி ஊற்றினாள். பம்புக்காக, பம்புக்காக மட்டும். நர்ஸ்கள் இடது கதவில் ஏறினார்கள், தாராளமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பூனை மறுபடி பஞ்சில் நடந்தது. அவள் மட்டும் வண்டிக்குள் பேசுவதை விட்டுவிட்டாள். அவர் மேல் அப்படி ஒரு கோபம். பக்கத்தில் படுத்து, கையால் வாங்கிச் சாப்பிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போன மனுஷர் மேல் கோபப்படக்கூட எதிரே ஆள் இல்லையே என்று அதற்கும் சேர்த்துக் கோபம். அவர் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தாள்.

பத்து நாள் போனது. மதியம் பெரியவரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தெருவில் நல்ல வெயில். எதிர்வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வாசற்கதவு தட்டப்பட்டது.

டக் டக். ஒரு மூச்சு. டக்.

காலிங்பெல் இருக்கிற வீட்டில் யார் கதவைத் தட்டுவார்கள்? அவள் குழாயை மூடினாள். ரேடியோ எப்போது நின்றது என்று தெரியவில்லை. மறுபடி வந்தது. மூன்றும் ஒரே அளவு. இழை பிசகவில்லை.

ஈரக்கையோடு கதவுவரை போனாள். பதில் தட்டுக்குக் கை தானாக உயர்ந்தது. பாதியில் நிறுத்தினாள்.

"யாருன்னு தெரியுது" என்றாள் கதவைப் பார்த்து. "உடனே திறக்க மாட்டேன். உங்க அண்ணன் உள்ள இருந்து எத்தனை தடவை தட்டினாங்க? அதைச் சொல்லுங்க. கரையில நின்னு எண்ணியிருப்பீங்க. உங்களால எண்ணாம இருக்க முடியாது. அளவு தப்பாம சொல்லுங்க. அப்புறம் திறக்கிறேன்."

வெளியே ஒன்றும் இல்லை. போய்விட்டார் என்றே நினைத்தாள். போகட்டும் என்றும் நினைத்தாள், போய்விடக் கூடாதே என்றும் நினைத்தாள்.

பிறகு தொடங்கியது. டக் டக். டக். ஒன்று என்றாள் அவள். டக் டக். டக். இரண்டு. ஐந்து வரைக்கும் அவளால் நிற்க முடிந்தது. பத்து தாண்டியும் நிற்கவில்லை. பதினேழில் அவள் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தட்டும் மரத்தின் வழியாக அவள் முதுகெலும்பில் விழுந்தது. இருபதில், போதும் என்று சொல்ல வாய் திறந்தாள். கேட்டவள் நீதானே, எண்ணு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இருபத்தெட்டுக்கு மேல் இரண்டாவது தட்டு லேசாக விழ ஆரம்பித்தது. இடது கைக்காரர் தட்டைத் தம்பி அப்படியே தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். முப்பது. முப்பத்தொன்று. இடைவெளி நீண்டது. முப்பத்தைந்தில் காதைக் கதவோடு வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. முப்பத்தாறு.

முப்பத்தேழாவதில் இரண்டு மட்டும் விழுந்தது. டக் டக்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாவது தட்டு வரவில்லை. வெகுநேரம் பார்த்தாள், வரவே இல்லை. இதைத்தான் அந்த மனுஷர் நாற்பது லிட்டருக்கு ஒரு தடவை புட்டியில் ஊற்றி ஊற்றி அமுக்கிக்கொண்டிருந்தார் என்று நினைத்தபோது அவளுக்குள் கோபத்துக்கும் இடமில்லாமல் போனது.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். வராமல் போன அந்த ஒரு தட்டை உள்ளேயிருந்து அவளே தட்டிவிட்டுத் தாழ்ப்பாளை எடுத்தாள்.